போத்ரியோலெப்பிஸ்: கவசம் ஏராளம், மீன் அபூர்வம்

கவசம் பூண்ட ஆதிகால மீன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டங்கிள்யாஸ்டியஸ்தான். பெரிய தாடை, பெரிய உடல், அருங்காட்சியகங்களில் நடுக்கூடம். (எட்டு, ஒன்பது மீட்டர் என்று சொல்லிவந்த அதன் நீளம் 2023-இல் வந்த மறுகணக்கில் நான்கு மீட்டருக்குப் பக்கமாக இறங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.) ஆனால் டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ 38.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஆறுகளிலும் கழிமுகங்களிலும் கடலோரங்களிலும் மொய்த்துக் கிடந்தது அது இல்லை. பெரும்பாலும் 30, 40 சென்டிமீட்டர் நீளமே இருந்த, சேற்றோடு சேறாக வாழ்ந்த ஒரு மீன். பெயர் போத்ரியோலெப்பிஸ்.

இதன் எலும்புத் தகடுகள் ஏழு கண்டங்களிலும் கிடைத்திருக்கின்றன. அன்டார்க்டிகாவும் அதில் அடக்கம். பிளாக்கோடெர்ம் எனப்படும் தகட்டுமீன்களில் இவ்வளவு பரவிய, இவ்வளவு இனங்களாகப் பிரிந்த வேறொரு பேரினம் இல்லை. அப்படியிருந்தும் இதைப் பற்றி மனிதர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதுபோல வேறெந்த மீனைப் பற்றியும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஆமை என்றார்கள், முதுகெலும்பே இல்லாத கடலுயிரின் உறவு என்றார்கள், தேளுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்பது என்றார்கள், நுரையீரல் உள்ள மீன் என்றும் சொன்னார்கள். காரணம் ஒன்றுதான். கெட்டியான கவசம் மட்டும் கல்லில் தங்கியது. அதற்குள்ளும் அதற்குப் பின்னாலும் இருந்த மென்மையான மீன் மிக அரிதாகவே தங்கியது. கிடைத்ததை வைத்து, கிடைக்காததை ஒவ்வொரு தலைமுறையும் தன் கற்பனைக்கு ஏற்ப நிரப்பிக்கொண்டது.

முதலில் உடலைப் பார்த்துவிடலாம். முன்பாதி முழுக்கத் தகடு. தலைக்கு ஒரு கவசம், அதற்குப் பின்னால் உடம்புக்கு ஒரு பெரிய பெட்டி. அடிப்பக்கம் தட்டை, முதுகுப்பக்கம் கொஞ்சம் மேடு. பல தகடுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்தி இந்தப் பெட்டியை ஆக்குகின்றன. தகடுகளின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகளும் வரப்புகளும் இருக்கும். தலையின் உச்சியில், நடுவில், ஒரே ஒரு திறப்பு. இரண்டு கண்களும் அதற்குள்ளேயே அருகருகே இருந்தன, மேலே பார்த்தபடி. நாசித்துளைகளும் கண்களோடு அங்கேயே. வாயோ தலையின் அடிப்பக்கத்தில். தரையில் படுத்துக் கிடந்து, கீழே தின்று, மேலே கண்காணிக்கிற உயிருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

பெட்டிக்குப் பின்னால் மெலிந்து நீளும் வால். பெரும்பாலான இனங்களில் அதில் எலும்பு கிடையாது. கனடாவில் கிடைத்த இனத்தில் செதில்கூட இல்லை, வெறும் தோல்தான். அதனால் சாகிற மீனின் வால் அழுகிக் கரைந்துபோகும், பெட்டி மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் கைகள். மார்புத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில், பெட்டியின் இரு பக்கமும் எலும்புக் குழாயாலான நீண்ட இரண்டு கைகள். முழங்கை மாதிரி நடுவில் ஒரு மூட்டு. தோளிலும் ஒரு மூட்டு. எலும்பு வெளியே, தசை உள்ளே. நண்டுக்கும் வண்டுக்கும்தான் கால் இப்படி அமைந்திருக்கும். இன்றைக்கு வாழும் முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் அப்படி இல்லை.

இதைப் பார்த்தவர்கள் குழம்பியதில் என்ன ஆச்சரியம்? 1840-இல் ரஷ்யப் பேரரசில் வேலை செய்த எட்வார்ட் ஐக்வால்ட் இதற்குப் பெயர் வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1842-இல், அட்லாண்டிக் கடலின் மறுகரையில் ஆபிரகாம் கெஸ்னர் என்ற புவியியலாளர் கனடாவின் ரெஸ்டிகூஷ் ஆற்றுக் கழிமுகத்தில், மிகுவாஷா என்ற இடத்துப் பாறைச்சரிவைப் பார்வையிட்டார். பின்னாளில் மண்ணெண்ணெய் காய்ச்சி எடுத்து விளக்கெரிக்க வழிசெய்தவர் என்று உலகம் அறிந்த அதே கெஸ்னர்தான். அங்கே மீன்களின் எச்சங்களோடு ஒரு சிறிய ஆமையின் எச்சமும் இருப்பதாக அவர் எழுதிவைத்தார். அந்த ஆமைதான் போத்ரியோலெப்பிஸ். கெஸ்னரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாலில்லாத கவசத்தையும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கையையும் முன்னால் வைத்தால் இன்றும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆமை என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஆமைகள் தோன்ற அன்றைக்கு இன்னும் பத்து கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கெஸ்னர் சொன்னதை யாரும் அப்போது பொருட்படுத்தவும் இல்லை. அந்த இடத்தை 1879-இல் கனடாவின் நிலவியல் ஆய்வுத் துறை மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் வைட்டீவ்ஸ் என்பவர் 1880-இல் அந்த மீனுக்குக் கனடாவின் பெயரையே சேர்த்து இனப்பெயர் சூட்டினார்.

ஆமைக் கதை ஓய்ந்ததும் அதைவிட விசித்திரமான ஒன்று வந்தது. அமெரிக்காவின் எட்வர்ட் டிரிங்கர் கோப், டைனோசர் எலும்புகளுக்காகப் பெரிய சண்டையே போட்டவர், 1885-இல் இந்த மீன்களைக் கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு நீரை உறிஞ்சி உமிழும் பைபோன்ற உயிர்களின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த உயிர்களில் ஒன்றுக்கு மேற்புறம் தகடும் அதில் துளையும் உண்டு. போத்ரியோலெப்பிஸின் தலையுச்சித் திறப்பை அவர் அதோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு நிலைக்கவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கே அவர் அப்போது வைத்த ஆன்டியார்க் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் பாட்டன் வந்தார். டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர். முதுகெலும்புள்ள விலங்குகள் தேள், சிலந்தி வகையறாவிலிருந்து வந்தவை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. கடல்தேள்களுக்கும் மீன்களுக்கும் இடையில் ஓர் இணைப்பு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவருக்குக் கவசமும் மூட்டுள்ள கையும் கொண்ட இந்த மீன் வரப்பிரசாதமாக அமைந்தது. மிகுவாஷாவுக்குப் போய்க் கற்பலகைகளைப் பெயர்த்து வந்தார். அவருடைய கொள்கை இன்று யாரிடமும் இல்லை.

அது ஏன் தப்பு என்பதைக் கவசமே சொல்லிவிடும். நண்டின் ஓடு வளராது. நண்டு பெரிதாக வேண்டுமானால் ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போத்ரியோலெப்பிஸின் தகட்டை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது உயிருள்ள எலும்பு. மேலும் கீழும் அடர்ந்த அடுக்குகள், நடுவே பஞ்சுபோல இடைவெளி விட்ட அடுக்கு, எலும்பணுக்கள் இருந்த நுண்குழிகள். ஒவ்வொரு தகடும் தன் ஓரங்களில் எலும்பைச் சேர்த்துக்கொண்டே மீனோடு கூட வளர்ந்தது. குஞ்சிலிருந்து பெரிய மீன் வரை வரிசையாகக் கிடைத்திருப்பதால் இந்த வளர்ச்சியைப் படிப்படியாகவே பார்க்க முடிகிறது. நண்டுக் கையும் இந்தக் கையும் ஒரே மாதிரி தெரிவது வெளித்தோற்றத்தில் மட்டுந்தான்.

சரி, தேளும் போயிற்று. ஆனால் பாட்டன் சேர்த்துவைத்த கற்கள் இன்னொரு பெரிய விவாதத்துக்கு அடித்தளம் போட்டன. மிகுவாஷாவில் சில கவசங்கள் நசுங்காமல் முழுசாகப் புதைந்திருந்தன. அப்படிப்பட்டவற்றை ராபர்ட் டெனிசன் மெல்லிய மெல்லிய துண்டங்களாக வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். 1941-இல் வெளியிட்டார். உள்ளே சுருளாகப் போன குடலின் அச்சு இருந்தது, அதற்குள் வெளிப்பாறையிலிருந்து வேறுபட்ட மண் இருந்தது. இது பொன்னான தகவல். சேற்றை அள்ளி விழுங்கி, அதிலிருந்த கரிமப் பொருளைத் தின்று வாழ்ந்த மீன் என்பதற்குக் குடலே சாட்சி. கூடவே, தொண்டைக்குப் பின்னால் ஒரு ஜோடிப் பைகள் இருந்தன. அவை நுரையீரல் என்றார் டெனிசன்.

அந்தக் காலத்துக்கு அது அழகாகப் பொருந்தியது. டெவோனியன் காலத்துச் செந்நிற மணற்பாறைகளெல்லாம் வறண்ட நிலத்தில், வற்றிப்போகும் குட்டைகளில் உருவானவை என்றே பலரும் நினைத்தார்கள். குட்டை வற்றினால் மீன் காற்றைச் சுவாசிக்க வேண்டும், அதற்கு நுரையீரல் வேண்டும், இதோ நுரையீரல். ஆல்ஃபிரட் ரோமர் போன்ற செல்வாக்குள்ள அறிஞர்கள் எடுத்துச் சொன்னதில், தாடையுள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் ஆதியில் நுரையீரல் இருந்தது என்ற கருத்து பாடநூல்கள் வரை போய்ச்சேர்ந்தது. எலும்பும் இல்லாத இரண்டு மண் அச்சுகளின் மேல் எழுப்பிய கட்டடம் அது.

2011-இல் டேனியல் கூஜே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்தச் சான்றுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, இது நுரையீரல் இல்லை, விடாப்பிடியாகத் தொடரும் ஒரு புனைவு என்று கட்டுரை எழுதினார். அந்தப் பைகள் செரிமான உறுப்புகளைச் சேர்ந்தவை என்பது அவர் வாசிப்பு. மிகுவாஷாவும் வற்றும் குட்டையாக இருந்ததில்லை. அது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழிமுகம் என்பதே இன்றைய கருத்து. 2022-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பாறைகளிலிருந்து, இதயமும் இரைப்பையும் கல்லீரலும் முப்பரிமாணத்தில் பதிந்த தகட்டுமீன்களைக் கேட் டிரினாஸ்டிக் குழுவினர் வெளியிட்டார்கள். அவற்றிலும் நுரையீரலின் தடம் இல்லை. அவை போத்ரியோலெப்பிஸ் இல்லை, வேறு கிளை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

தாடை விஷயத்திலும் கோகோதான் கை கொடுத்தது. அங்கே அன்று இருந்தது கடற்பவளத் திட்டு. சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் கல் கரைந்து எலும்பு மட்டும் நிற்கும். அப்படி எடுத்த போத்ரியோலெப்பிஸை வைத்து காவின் யங் 1984-இல் தாடையையும் மூளைப்பெட்டியையும் மீட்டமைத்தார். தாடை எலும்புகள் சின்னவை, மெல்லியவை. கடிப்பதற்கோ நொறுக்குவதற்கோ உதவாது. சேற்றைச் சுரண்டி அள்ளினால் போதும் என்ற அளவுதான். டெனிசன் கண்ட குடல் மண்ணோடு இது நன்றாக ஒத்துப்போகிறது.

கைகள் எதற்கு? இங்கேதான் இன்றுவரை சண்டை. தரையில் ஏறி ஊர்ந்து போயிருக்கும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். நுரையீரல் கதையோடு இது ஜோடியாக வந்தது, அதோடு ஜோடியாகவே போயிருக்க வேண்டும். அடித்தரையில் ஊன்றித் தள்ளிப் போக, சேற்றில் தன்னைப் புதைத்துக்கொள்ள, நீந்தும்போது கனமான முன்பாதி மூக்கு குத்தாமல் இருக்க என்று மற்ற விளக்கங்கள். தோள் மூட்டைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் எலும்புமுனை நீட்டிக்கொண்டிருக்கும். கையின் அடிப்பகுதி அதைக் கவ்விக்கொள்ளும். இவ்வளவு சிக்கலாகப் பூட்டிய மூட்டு, கையை எல்லாத் திசையிலும் வீச விடாது. அசைவு ஒரு வரம்புக்குள் மட்டும். தசை போவதற்குக் கிடைக்கும் துளையும் சிறியது. ஆகவே கையை வீசி வேகமாக நீந்தியிருக்க முடியாது, நீந்தத் தள்ளியது வால்தான் என்பது என் கணிப்பில் ஐயமில்லாதது. மிச்சம் என்ன செய்தது என்பதற்கு ஒரே விடை இருக்க வேண்டும் என்றும் இல்லை.

எதிர்பாராத ஒரு விடை 2014-இல் வந்தது, உறவுக்கார மீன் ஒன்றிடமிருந்து. மைக்ரோபிராக்கியஸ் என்ற எட்டு சென்டிமீட்டர் ஆன்டியார்க்கின் ஆண்மீனுக்கு வளைந்த எலும்பாலான புணர்ச்சி உறுப்பு இருப்பதை ஜான் லாங் குழுவினர் காட்டினார்கள். உறுப்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதால் ஆணும் பெண்ணும் பக்கம் பக்கமாக நின்றுதான் கூடியிருக்க முடியும், அப்போது அந்தக் குட்டிக் கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் விளக்கம். நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயனற்றவையாகத் தெரிந்த கைகள் அவை. போத்ரியோலெப்பிஸின் நீண்ட கைக்கும் அதே வேலை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கை என்றால் நடையோ நீச்சலோதான் என்று நினைத்திருந்தவர்களை இது கொஞ்சம் நிதானிக்க வைத்தது.

இனி இது எப்படி உலகம் முழுக்கப் பரவியது என்ற கேள்வி. நன்னீர் மீன் ஒன்று கடலைத் தாண்டாது. கோகோ போன்ற கடல் பாறைகளிலும், கழிமுகங்களிலும், ஆற்றுப் படிவுகளிலும் போத்ரியோலெப்பிஸ் கிடைக்கிறது. உப்பைத் தாங்கும் திறன் இருந்திருக்கிறது, கரையோரமாகவே நகர்ந்து போயிருக்கிறது. அன்று கண்டங்களும் இன்றைய இடத்தில் இல்லை, பெரும் நிலப்பரப்புகள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. பெரிய மீன்கள் கடலில் வாழ்ந்து, குஞ்சு பொரிக்க ஆற்றுக்கு வந்தன என்றும் சிலர் சொல்கிறார்கள். இதற்கு முழு நிரூபணம் இல்லாவிட்டாலும் குறிப்புகள் உண்டு. பென்சில்வேனியாவின் டியோகா மாவட்டத்தில் குஞ்சுகள் மட்டுமே கூட்டமாகச் செத்துப் புதைந்த ஒரு படிவை 2011-இல் விவரித்தார்கள். பெரிய மீன்கள் அங்கே இல்லை. ஆழமில்லாத நீரில் குஞ்சுகள் தனியாக வளர்ந்தன என்று எடுத்துக்கொண்டால் அது பொருந்துகிறது.

கூட்டச் சாவு என்றால் ஆஸ்திரேலியாவின் கனோவிந்த்ராவைச் சொல்லாமல் விட முடியாது. 1950-களில் சாலை வேலை நடந்தபோது ஒரு கற்பலகை புரண்டது. அடிப்பக்கம் முழுக்க மீன்கள். அதே இடத்தை அலெக்ஸ் ரிச்சி 1993-இல் இயந்திரம் வைத்துத் திரும்பத் தோண்டினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் வந்தன. பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று போத்ரியோலெப்பிஸ், இன்னொன்று முழங்கை மூட்டே இல்லாமல் குட்டையான கை கொண்ட ரெமிகோலெப்பிஸ். நீர் சுருங்கிய ஒரு குட்டையில் அத்தனையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு செத்தன என்று கருதுகிறார்கள். வற்றும் குட்டைக் கதை மிகுவாஷாவில் பொய்த்து இங்கே மெய்யானது வேடிக்கைதான். நுரையீரல் இருந்திருந்தால் இவ்வளவு பிணங்கள் விழுந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனங்களின் எண்ணிக்கையில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எப்படிக் குறைத்து எண்ணினாலும் 60-க்கு மேல். நூறு என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இவற்றில் பலவும் சில தகடுகளின் நீள அகலத்தையும் மேற்பரப்புக் கோலத்தையும் வைத்துப் பிரித்தவை. ஒரே இனத்தில் குஞ்சுக்கும் முதிர்ந்ததற்கும் இந்த விகிதங்கள் மாறும், ஒரு மீனுக்கும் பக்கத்து மீனுக்கும் மாறும். வாலும் துடுப்பும் கிடைத்த இனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உடம்பைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி கனடாவின் ஒரே இனத்திலிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் சில இனங்கள் சந்தேகத்துக்கு இடமின்றித் தனித்தவை. கனடாவின் வட துருவப் பகுதியில், எல்ஸ்மியர் தீவில் கிடைத்து 2016-இல் பெயர் பெற்ற ஒன்றின் நீளம் 1.7 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். தகடுகள் வழக்கத்தைவிடத் தடித்தவை, அடர்த்தியானவை. பெரிய வேட்டைமீன்களிடமிருந்து காத்துக்கொள்ளவா, பெரிய உடல் மிதந்துவிடாமல் அடியில் கிடக்க எடையா? இரண்டையும் சொல்கிறார்கள்.

இந்த மீன் முக்கியமானதற்கு இன்னொரு காரணம், தாடையுள்ள விலங்குகளின் வம்சாவளியில் அதன் இடம். பல ஆய்வுகளில் ஆன்டியார்க்குகள் அந்த மரத்தின் அடிப்பக்கத்துக் கிளையாக வருகின்றன. போத்ரியோலெப்பிஸுக்கு இடுப்புத் துடுப்பு இல்லை. அப்படியானால் இடுப்புத் துடுப்பு, அதாவது பின்னாளில் பின்னங்காலாக மாறிய உறுப்பு, தாடை வந்த பிறகுதான் தோன்றியதா? சீனத்தின் யுன்னானில் கிடைத்த முந்தைய காலத்து ஆன்டியார்க் ஒன்றில் இடுப்பெலும்பு இருப்பதை ஷு மின் குழுவினர் 2012-இல் காட்டினார்கள். அப்புறம் 2018-இல் மிகுவாஷாவின் போத்ரியோலெப்பிஸிலேயே, துடுப்பு இல்லாமல், வளர்ச்சி பாதியில் நின்றதுபோன்ற இடுப்பெலும்புகள் கண்டறியப்பட்டன. முன்னோருக்கு இருந்தது, இதற்குப் போய்க்கொண்டிருந்தது. கவசம் மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 138 ஆண்டுகளாகப் படாத எலும்பு அது.

டெவோனியன் காலம் முடியுமுன் கடல்களில் இரண்டு பேரழிவுகள் நேர்ந்தன. சுமார் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்ததைப் போத்ரியோலெப்பிஸ் தாண்டிவிட்டது. பவளத்திட்டுகள் சரிந்தபோதும் அது தொடர்ந்து பெருகியது. தென்னாப்பிரிக்காவின் மகண்டா நகருக்கு அருகே, வாட்டர்லூ பண்ணையின் கரும்பாறையில், சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்று தென்துருவ வட்டத்துக்குள் கிடந்த ஒரு கழிமுகத்திலும் அது குஞ்சும் பெரிதுமாக வாழ்ந்திருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டாவது அழிவு வந்தது. நீரில் ஆக்சிஜன் குறைந்ததைக் காட்டும் கரும்படிவுகள் அப்போது பல இடங்களில் உருவாயின. கவசம் கனமானது, அதனால் தோற்றது என்ற விளக்கத்தை அவ்வப்போது பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கனத்தோடுதான் அது இரண்டரைக் கோடி ஆண்டுகள் துருவம் வரை பரவியிருந்தது. வேட்டைக்காரனான டங்கிள்யாஸ்டியஸ் வகையறாவும், சேறு தின்ற ஆன்டியார்க்குகளும், வாழ்க்கைமுறை எதுவானாலும், சேர்ந்தேதான் மறைந்தன. சுறாக்களின் முன்னோர் பிழைத்தன, எலும்புமீன்கள் பிழைத்தன, கால் முளைத்த சில உயிர்களும் பிழைத்தன. எலும்புக் குழாய்க்குள் தசை வைத்த கை மட்டும் முதுகெலும்பிகளிடம் மறுபடி வரவில்லை.